மினுங்கும் விளக்கும் மூளையின் நிலையும்

கார்த்திகைத் திருநாளில் மாவலி சுற்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பனம்பூக் கரியைத் துணியில் பொதிந்து, பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நெருப்பிட்டுக் கயிற்றால் சுழற்றுவார்கள். மெல்லச் சுற்றும்போது தணல் தனியே தெரியும். அது எங்கே இருக்கிறது என்று விரலால் சுட்டிக்காட்டலாம். வேகம் ஏற ஏற அதன் பின்னால் செந்நிற வால் ஒன்று முளைக்கும். இன்னும் வேகமாகச் சுற்றினால் வாலின் நுனி தலையைத் தொட்டுவிடும். பிறகு தணலைக் காணோம். இருளில் ஒரு நெருப்பு வளையம்தான் தெரியும்.

அப்படியொரு வளையம் உண்மையில் இல்லை. எந்தக் கணத்திலும் தணல் ஓரிடத்தில்தான் இருக்கிறது. வளையத்தை உண்டாக்கியவை நம் கண்ணும் மூளையுமே. வெளியில் இல்லாத ஒன்றை நாம் காண்கிறோம் என்றால், அந்தக் காட்சி நம்மைப் பற்றி ஏதோ சொல்கிறது என்பதுதானே பொருள்? இந்த எளிய எண்ணத்திலிருந்து கிளம்பிய ஓர் ஆராய்ச்சி, ஏறத்தாழ 250 ஆண்டுகள் பல வழிகளில் அலைந்து, கல்லீரல் நோயாளியின் மூளை தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியாக உருப்பெற்றது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

தணலால் காலத்தை அளந்தவர்

நியூட்டன் 1704-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஒளியியல்' நூலின் இறுதியில் சில வினாக்களை எழுப்பியிருக்கிறார். அவற்றுள் ஒன்றில் சுழலும் தணலைப் பற்றிய குறிப்பு வருகிறது. ஒளி விழித்திரையில் எழுப்பும் அசைவு உடனே அடங்குவதில்லை, சிறிது நேரம் நீடிக்கிறது என்பது அவர் கருத்து.

அந்தச் 'சிறிது நேரம்' எவ்வளவு என்று அளக்க முயன்றவர் டார்சி. இவர் அயர்லாந்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். 1765-ஆம் ஆண்டில் இவர், ஒரு சுழலும் பொறியில் தணலைப் பொருத்திச் சுழற்றினார். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த வேகத்தில் வளையம் இடைவெளியின்றி மூடிக்கொள்கிறது என்று பார்த்தார். தணல் ஒரு சுற்றை முடித்துப் பழைய இடத்துக்குத் திரும்பும்போது, முந்திய சுற்றில் அங்கே பட்ட ஒளியின் பதிவு இன்னும் அழியாமல் இருந்தால்தான் வளையம் மூடும். ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமே பதிவு நீடிக்கும் நேரம். அவருக்குக் கிடைத்த விடை ஏறக்குறைய 0.13 வினாடி.

ஓரிடத்தில் நிலையாக இருக்கும் விளக்கை விட்டுவிட்டு எரித்தாலும் இதே விளைவைக் காணலாம். மெல்ல அணைத்து ஏற்றினால் விளக்கு மினுங்குவது தெரியும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மினுக்கம் மறைந்து, விளக்கு சீராக எரிவதுபோல் தோன்றும். இந்த எல்லையை மாறுநிலை மினுக்க அதிர்வெண் எனலாம். மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை என்று இயற்பியலில் படித்திருக்கிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும் ஓர் எல்லை: இதற்குக் கீழே மினுக்கம், மேலே சீரான ஒளி. ஹெர்ட்ஸ் என்னும் அலகில் இதைக் குறிப்பார்கள். ஒரு ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு ஒரு முறை.

இந்த எல்லை நம் அன்றாட வாழ்விலும் உண்டு. படச்சுருள் ஓடிய காலத்துத் திரையரங்குகளில் வினாடிக்கு 24 படங்கள் காட்டப்பட்டன. ஆனால் 24 முறை மட்டும் ஒளி விழுந்தால் திரை மினுங்கும். ஆகவே சுழலும் மறைப்புத் தகடு ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை வெட்டிக் காட்டியது. 24 என்பது 48 அல்லது 72 ஆயிற்று. மினுக்கமும் மறைந்தது. பழைய சோக்கு பொருத்திய குழல் விளக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நமக்கு அது தெரிவதில்லை. அந்த விளக்கின் முன்னே ஒரு பென்சிலை வேகமாக வீசிப் பாருங்கள். விசிறிபோல் பல பென்சில்கள் தனித்தனியே தெரியும்.

ஒரு மாணவர் கேட்ட கேள்வி

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை இந்த எல்லையை அளந்தோம். ஒரு சிறிய ஒளி உமிழ் டையோடை அலையியற்றியுடன் இணைத்து, 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே இறங்கினோம். மினுக்கம் முதன்முதலாகத் தெரியும்போது மாணவர்கள் 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். ஒருவர் 41-இல் சொன்னார், அடுத்தவர் 43-இல். இரவு முழுவதும் அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்த ஒரு மாணவர் 36-இல்தான் சொன்னார்.

"இதில் எது சார் சரியான விடை?" என்று அவரே கேட்டார்.

"எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். மற்றவை பிழை" என்றேன்.

"கருவி ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான். மாறியது நாங்கள்தானே சார்? அப்படியானால் இது எங்களை அளந்ததாகாதா?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிழை என்று நாம் அடித்துவிடும் எண், இன்னொரு துறைக்கு அளவாக இருக்கக்கூடும் என்பதை அறிவியல் பலமுறை கண்டிருக்கிறது. 1796-ஆம் ஆண்டு கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் கின்னிபுரூக் என்னும் உதவியாளர் வேலையிழந்தார். விண்மீன்கள் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தைத் தலைவர் மாஸ்கலின் குறித்ததைவிட அவர் ஏறக்குறைய 0.8 வினாடி பிந்திக் குறித்தார் என்பதே காரணம். பின்னர் பெசல் என்னும் ஜெர்மானிய வானியலறிஞர் ஆராய்ந்து, எந்த இரண்டு பேர் பார்த்தாலும் இப்படி வேறுபாடு இருக்கும் என்று காட்டினார். கின்னிபுரூக் கவனக்குறைவாக இருந்தார் என்று முடிவு கட்டியது தவறு. மனிதருக்கு மனிதர் நரம்பு மண்டலம் வேறுபடுகிறது என்பதற்கு அந்த 0.8 வினாடி ஒரு சான்று. மினுக்க ஆராய்ச்சியும் இதே வழியில்தான் சென்றது.

ஒளியை அளக்க ஒரு கருவி

முதலில் மினுக்கத்தைக் கையில் எடுத்தவர்கள் இயற்பியலறிஞர்கள். அவர்கள் அளக்க விரும்பியது ஒளியை. கண் அவர்களுக்கு வெறும் கருவி. நிழற்படக் கலையின் முன்னோடியான டால்பட் 1834-ஆம் ஆண்டிலும், பெல்ஜிய நாட்டு பிளாட்டோ 1835-ஆம் ஆண்டிலும் ஒரு விதியை வெளியிட்டனர். மினுக்கம் மறைந்தபின் தெரியும் ஒளியின் பொலிவு, மொத்த ஒளியின் சராசரிக்குச் சமம் என்பது அந்த விதி. பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும் விளக்கு, பாதிப் பொலிவுடன் இடைவிடாமல் எரியும் விளக்கைப் போலவே தோன்றும். இன்றும் ஒளி உமிழ் டையோடு விளக்குகள் பலவற்றை மங்கவைக்க இந்த விதியே பயன்படுகிறது.

அமெரிக்காவில் கொலம்பியா கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ரூட் 1893-ஆம் ஆண்டில் மற்றொரு பயனைக் கண்டார். ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. இவற்றுள் எது பொலிவு மிக்கது? நிறம் வேறாக இருப்பதால் அருகருகே வைத்து ஒப்பிடுவது கடினம். இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டினால், தக்க வேகத்தில் நிறங்கள் கலந்துவிடும். பொலிவு வேறுபாடு மட்டும் மினுக்கமாகத் தெரியும். பொலிவுகள் சமமானதும் மினுக்கம் அடங்கிவிடும். இவ்வாறு மினுக்க ஒளிமானி பிறந்தது.

இதே காலத்தில் பெர்ரி 1892-ஆம் ஆண்டிலும், போர்ட்டர் 1902-ஆம் ஆண்டிலும் மாறுநிலை அதிர்வெண்ணுக்கும் பொலிவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டனர். பொலிவு கூடினால் அதிர்வெண்ணும் கூடுகிறது. ஆனால் நேர்விகிதத்தில் அன்று. பொலிவு பத்து மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் அதிர்வெண் ஒரே அளவு ஏறுகிறது. மடக்கை படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாதாரண வெளிச்சத்தில் அந்த ஏற்றம் ஏறக்குறைய 12 ஹெர்ட்ஸ் என்று போர்ட்டரின் சோதனை காட்டியது. மிக மங்கிய ஒளியில் ஏற்றம் மிகக் குறைவு. அங்கே விழித்திரையின் கூம்பு உயிரணுக்கள் ஓய்ந்து, வேகம் குறைந்த கோல் உயிரணுக்கள் வேலை செய்கின்றன. 12 என்னும் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மினுக்கம் எங்கே மறைகிறது?

விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அப்படியானால் மினுக்கம் எந்த இடத்தில் மறைந்துபோகிறது? கண்ணிலா, மூளையிலா? கண்ணில் என்றால் இந்த அதிர்வெண் கண் மருத்துவருக்கு மட்டுமே பயன்படும். மூளையில் என்றால், மண்டை ஓட்டைத் திறக்காமலே மூளையின் நிலையை அறிய ஒரு சாளரம் கிடைத்ததாகும்.

ஆங்கில நாட்டு நரம்பியலறிஞர் ஷெரிங்டன் 1904-ஆம் ஆண்டில் ஓர் அழகான சோதனை செய்தார். இரண்டு கண்களுக்கும் தனித்தனியே மினுங்கும் ஒளியைக் காட்டினார். முதலில் இரு கண்களிலும் ஒரே நேரத்தில் ஒளி, ஒரே நேரத்தில் இருள். பிறகு வலக்கண்ணில் ஒளி இருக்கும்போது இடக்கண்ணில் இருள். இடக்கண்ணில் ஒளி இருக்கும்போது வலக்கண்ணில் இருள். இரு கண்களின் செய்திகளும் ஒன்று சேர்ந்தபின்தான் மினுக்கம் மறைகிறது என்றால், இரண்டாம் முறையில் ஒரு கண்ணின் இருளை மறு கண்ணின் ஒளி நிரப்பிவிடும். மினுக்கம் மிகக் குறைந்த வேகத்திலேயே மறைய வேண்டும். ஆனால் இரண்டு முறைகளுக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. இரு கண்களின் பாதைகளும் முழுமையாக ஒன்று சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு பாதையிலும் தனித்தனியே மினுக்கம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

அப்படியானால் விழித்திரையிலேயே மறைகிறதா? அதுவும் இல்லை. கண்ணின் மேற்பரப்பில் மின்முனை வைத்து விழித்திரையின் மின் துடிப்பைப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தால், நமக்குச் சீராகத் தோன்றும் 100 ஹெர்ட்ஸ் ஒளிக்கும் விழித்திரை ஈடுகொடுத்துத் துடிப்பது தெரிகிறது. விழித்திரைக்கு எட்டுவது நம் உணர்வுக்கு எட்டவில்லை. ஆகவே மினுக்கம் ஏதோ ஓர் ஒற்றைப் புள்ளியில் மறைவதில்லை. விழித்திரையிலிருந்து மூளையின் பார்வைப் பகுதி வரை நீளும் சங்கிலியில், கணுவுக்குக் கணு வேகம் தளர்ந்து, இறுதியில் மறைகிறது. நாம் அளக்கும் எண் அந்தச் சங்கிலி முழுவதற்கும் உரியது.

மூளையே பதில் சொன்னபோது

மூளையின் பங்கை நேராகக் காணவும் ஒரு வழி பிறந்தது. ஜெர்மனியில் யேனா நகரின் மருத்துவர் பெர்கர், மனிதனின் தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளை 1924-ஆம் ஆண்டில் பதிவு செய்தார். 1929-ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரிடம் வினாடிக்குப் பத்து என்ற அளவில் ஓர் அலை எழுவதை அவர் கண்டார். பலர் இதை நம்பவில்லை. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் என்னும் இருவர் 1934-ஆம் ஆண்டில் இதைச் சோதித்து உறுதி செய்தனர். 1932-ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஷெரிங்டனுடன் பகிர்ந்துகொண்டவர் இந்த ஏட்ரியன். மினுங்கும் ஒளியைக் காட்டினால், மூளையின் அலை தன் சொந்த வேகத்தை விட்டு, மினுக்கத்தின் வேகத்துக்கு இசைந்து ஓடுவதையும் அவர்கள் கண்டனர். ஓர் இசைக்கவையின் அதிர்வுக்கு மற்றொன்று இசைந்து அதிர்வதைப் போன்றது இது.

பிரிஸ்டல் நகரின் பர்டன் நரம்பியல் நிலையத்தில் கிரே வால்ட்டரும் அவருடைய குழுவினரும் 1946-ஆம் ஆண்டில் மின்னணு ஸ்ட்ரோபாஸ்கோப்பைக் கொண்டு இதை மேலும் ஆராய்ந்தனர். சிலருக்குச் சில அதிர்வெண்களில் வலிப்பு நோயாளியின் அலைகளைப் போன்றவை தோன்றின. அன்று முதல் மூளை மின்வரைவு எடுக்கும்போது மினுங்கும் ஒளியைக் காட்டிப் பார்ப்பது வலிப்பு நோய்ச் சோதனையின் ஒரு பகுதியாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய, பளிச்சிடும் விளக்குகளை வைத்துக்கொண்டு வீட்டில் இத்தகைய சோதனை செய்யக்கூடாது. 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு சிறுவர் கார்ட்டூன் படத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன. அன்று மாலை அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

பெரும் நம்பிக்கையும் ஏமாற்றமும்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சைமன்சன், என்சர் என்னும் இரு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1941-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மைய நரம்பு மண்டலத்தின் களைப்பை மாறுநிலை மினுக்க அதிர்வெண்ணால் அளக்கலாம் என்றது அது. தசையின் களைப்பை எடை தூக்கச் சொல்லி அளக்கலாம். மூளையின் களைப்பை எப்படி அளப்பது? 'எனக்குக் களைப்பில்லை' என்று சொல்பவரை நம்பி இயந்திரத்தின் முன் நிறுத்தலாமா? உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு மதிப்பு மிகுதி. பின்னாளில் ஜப்பானிலும் தொழிலாளர்களின் களைப்பை அறிய இந்தச் சோதனை பரவலாகப் பயன்பட்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹால்ஸ்டெட் இதற்கும் ஒரு படி மேலே சென்றார். மூளையில் அடிபட்டவர்களுக்கு இந்த அதிர்வெண் குறைந்திருப்பதாகக் கண்டு, 1947-ஆம் ஆண்டில் வெளியான 'மூளையும் நுண்ணறிவும்' என்ற தம் நூலில் விவரித்த சோதனைத் தொகுதியில் இதையும் சேர்த்துக்கொண்டார். எழுத்தும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஒரு விளக்கைப் பார்த்தால் போதும், மூளையின் நிலை தெரிந்துவிடும் என்னும் நம்பிக்கை வளர்ந்தது.

நம்பிக்கை நீடிக்கவில்லை. ஹால்ஸ்டெட்டின் தொகுதியைத் தொடர்ந்து வளர்த்த ரீட்டன், நலமுள்ளவர்களையும் மூளை பழுதுற்றவர்களையும் இச்சோதனை போதுமான அளவுக்குப் பிரித்துக் காட்டவில்லை என்று கண்டு, இதை நீக்கிவிட்டார். சைமன்சனும் பிரோசெக் என்பவரும் 1952-ஆம் ஆண்டில் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்தபோது, இந்த எண்ணை மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியல் மிக நீளமாக இருந்தது. விளக்கின் பொலிவு, அதன் அளவு, நிறம், சுற்றியுள்ள வெளிச்சம், ஒளிக்கும் இருளுக்கும் உள்ள விகிதம், அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறோமா இறக்கிக்கொண்டு வருகிறோமா என்பது, பார்ப்பவரின் வயது ஆகிய எல்லாமே அதை மாற்றும்.

இதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். வயது முதிரும்போது கண்பாவை சுருங்குகிறது. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்பாவை 2.8 மில்லிமீட்டராகச் சுருங்கினால், அதன் பரப்பு பாதியாகிவிடும். உள்ளே செல்லும் ஒளியும் பாதி. பொலிவு பத்து மடங்கு மாறினால் 12 ஹெர்ட்ஸ் மாறும் என்றோம். இரண்டின் மடக்கை 0.3. ஆகவே ஒளி பாதியானால் 12-ஐ 0.3-ஆல் பெருக்க, 3.6 ஹெர்ட்ஸ் குறையும். களைப்பாலோ மருந்தாலோ ஏற்படும் மாறுதலும் சில ஹெர்ட்ஸ்தான்! முதியவர் ஒருவரின் எண் குறைந்திருந்தால் அவருடைய மூளை தளர்ந்ததா, கண்பாவை சுருங்கியதா? சிறு துளையிட்ட தகட்டைக் கண்முன் வைத்து, எல்லோருக்கும் ஒரே அளவு ஒளி செல்லும்படி செய்தாலன்றி விடை சொல்ல முடியாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் செய்யப்பட்ட சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதில் வியப்பில்லை.

கேள்வி சுருங்கியது, பயன் பெருகியது

சோதனையைக் கைவிடாதவர்கள் தம் கேள்வியைச் சுருக்கிக்கொண்டனர். 'இவருடைய மூளை எப்படிப்பட்டது?' என்று கேட்பதை விட்டு, 'இதே மனிதருக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு?' என்று கேட்டனர். ஒரே ஆள், ஒரே விளக்கு, ஒரே அறை என்றால் குழப்பங்களில் பல கழிந்துவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹிண்ட்மார்ச் 1970-களிலும் 1980-களிலும் மருந்துகளை இவ்வாறு ஆராய்ந்தார். தூக்க மாத்திரையும், அரிப்புக்குத் தரும் சில மருந்துகளும் எண்ணைத் தாழ்த்தின. ஊக்க மருந்துகள் உயர்த்தின. இரவு உட்கொண்ட மாத்திரையின் மயக்கம் மறுநாள் காலையிலும் மிஞ்சியிருக்கிறதா என்பது வண்டி ஓட்டுபவரின் உயிர்ப் பிரச்சினை அல்லவா?

இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் கல்லீரல் மருத்துவத்திலிருந்து வந்தது. குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி நம்மைக் காக்கிறது. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்க நோயில் இந்த வேலை தடைப்படுகிறது. அம்மோனியா இரத்தத்தில் மிகுந்து மூளையை அடைகிறது. அங்கே நரம்பு உயிரணுக்களுக்குத் துணையாக இருக்கும் தாங்கு உயிரணுக்கள் அதை ஏற்று வீங்குகின்றன. நோய் முற்றினால் நினைவு தடுமாறி மயக்கம் வரும். தொடக்கத்திலோ எதுவும் வெளியே தெரிவதில்லை. நோயாளி நன்றாகப் பேசுவார். ஆனால் கவனம் பிசகும், வினைத்திறன் மந்தமாகும், வண்டி ஓட்டினால் விபத்து நேரலாம். தாமே நலமாக இருப்பதாக அவர் நம்புவதுதான் பெரிய ஆபத்து.

இதே தாங்கு உயிரணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை விழித்திரையிலும் உள்ளன. கல்லீரல் நோயில் அவையும் மாறுதல் அடைகின்றன. கருவில் மூளையாக வளரும் பகுதியிலிருந்தே ஒரு கிளை நீண்டு விழித்திரையாகிறது. அதாவது விழித்திரை, மூளை தன் எல்லைக்கு அனுப்பிவைத்த புறக்காவல் நிலையம். கண்ணா மூளையா என்று நூறாண்டுகள் நடந்த வழக்கு இங்கே தன் கூர்மையை இழக்கிறது. இரண்டையும் ஒரே நஞ்சு தாக்குமானால், சங்கிலியின் எந்தக் கணு தளர்ந்தாலும் அது நோயின் அறிகுறியே.

ஜெர்மனியில் டுசல்டார்ப் நகரின் ஹாய்சிங்கர், கிர்ஹைஸ் முதலியோர் 2002-ஆம் ஆண்டில் இந்த எண்ணத்தைச் சோதித்தனர். சிவப்பு ஒளி 60 ஹெர்ட்ஸில் தொடங்கிச் சிறிது சிறிதாக இறங்கும். மினுக்கம் தெரிந்ததும் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கின் பொலிவும் நிறமும் மாறாதவை. மூளைப் பாதிப்பு இல்லாதவர்களிடமிருந்து பாதிப்புள்ளவர்களைப் பிரிக்கும் எல்லையாக அவர்கள் கண்ட எண் 39 ஹெர்ட்ஸ். டில்லியில் சரின் உள்ளிட்ட மருத்துவர்கள் குழு 2007-ஆம் ஆண்டில் இந்திய நோயாளிகளிடம் இதைச் சோதித்து, பயனுள்ளது என்று எழுதியது. நம் நாட்டில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. இந்த நோயைக் கண்டறியப் பழக்கத்தில் உள்ள மற்றொரு சோதனை, தாளில் சிதறிய எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்வது. பள்ளிக்கூடம் போகாதவர் அதில் தோற்றால், குறை நோயிலா, படிப்பிலா என்று எப்படி அறிவது? மினுங்கும் விளக்கைப் பார்க்க எழுத்தறிவு வேண்டியதில்லை.

ஆனாலும் முன்னோரின் பாடத்தை மறக்கக்கூடாது. அதுவரை வந்த ஆய்வுகளை 2013-ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது, வெளியில் தெரியாத தொடக்க நிலைப் பாதிப்புள்ள நூறு பேரில் ஏறக்குறைய 61 பேரையே இச்சோதனை கண்டுபிடிக்கும் என்று தெரிந்தது. பாதிப்பில்லாத நூறு பேரில் 79 பேரைத்தான் நலமுள்ளவர் என்று சரியாகச் சொல்லும். ஆகவே இதை மட்டும் நம்பி மருத்துவர் முடிவெடுப்பதில்லை. பிற சோதனைகளோடு துணையாக வைத்துக்கொள்கிறார். 1940-களில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பப்பட்ட எண், இன்று தன்னால் இயன்றதை மட்டும் சொல்கிறது. அதனாலேயே அது பயன்படுகிறது.

மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். அச்சகத்தில் வேலை பார்த்த அந்த மாணவர், ஒரு வாரம் கழித்து நன்றாகத் தூங்கிவிட்டு வந்து மறுபடியும் சோதனைக்கு அமர்ந்தார். இம்முறை 40 வந்தது. வகுப்பே மகிழ்ந்தது. களைப்பை அளந்துவிட்டோம் என்று நானும் கரும்பலகையில் எழுதப் போனேன். அவரே தடுத்தார்.

"போன வாரம் சன்னல்கள் மூடியிருந்தன சார். இன்றைக்குத் திறந்திருக்கின்றன."

அவர் சொன்னது சரி. கூடிய அந்த 4 ஹெர்ட்ஸ் தூக்கத்தால் வந்ததா, சன்னலால் வந்ததா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு எண்களையும் அப்படியே எழுதி, பக்கத்தில் சன்னல்களின் நிலையையும் எழுதி வைத்தோம். பிழை என்று எதையும் அடிக்கவில்லை. களைப்பு என்று எதற்கும் பெயரிடவுமில்லை. அந்தக் குறிப்பேடு இன்றும் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது.